ஜும்லாவுக்குப் போன தாய்மாமன் சீர்

எங்கூட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த பொறப்பு யாரும் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். பெருமாநல்லூர்ல பனியன் கம்பெனி வச்சிருக்கற ரெண்டு பேரு, அம்பது வயசு தாண்டினதுக்கு அப்புறம், காங்கேயத்துத் தேங்காயை மூட்டை கட்டி ஜீப்புல ஏத்திக்கிட்டு நேபாளத்து மலைக்குப் போனோம்னா அதுக்குக் காரணம் இது ஒண்ணுதான்.

எங்க பக்கம் அக்கா தங்கச்சி இல்லாத ஆம்பளைக்கு எந்த விசேஷத்துலயும் வேலை இருக்காது. காது குத்தறதுக்குக் குழந்தையை மடியில வச்சுக்கறவர் தாய்மாமன். பொண்ணு பெரியவளானா சீர் கொண்டு வர்றவர் தாய்மாமன். கல்யாணத்துலயும் அவரைக் கூப்பிடாம ஒரு காரியம் நடக்காது. இவர் எல்லா விசேஷத்துக்கும் போவார், முன் வரிசையில உட்காருவார், மொய் வைப்பார், சாப்பிடுவார். திரும்பி வரும்போது வண்டியில ஒரு வார்த்தை பேச மாட்டார். இருபத்தஞ்சு வருசமா பக்கத்து சீட்ல உட்கார்ந்து அந்த மௌனத்தைக் கேட்டவ நான்.

மாயா எங்க கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லரா வந்து, தையல் லைனுக்கு சூப்பர்வைசரா ஆனவ. நேபாளத்துல ஜும்லாங்கற மலை ஜில்லாக்காரி. ஒரு தீபாவளிக்கு வடக்கத்திக்காரங்க எல்லாரும் போனஸ் வாங்கி ரயிலேறிட்டாங்க. மாயா மட்டும் போகலை. போய்ச் சேர்றதுக்குள்ளயே லீவு தீர்ந்துடும்னா. தீபாவளி முடிஞ்சதும் அவங்க ஊர்ல ஒரு நோம்பி உண்டு. பொறந்தவ வந்து அண்ணன் நெத்தியில கலர் கலரா பொட்டு வைக்கணும். தட்டைத் தூக்கிட்டு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா.

"எனக்கு அண்ணன் இல்லீங்க. உங்களுக்குத் தங்கச்சி இல்லீங்க. வச்சு உடட்டுமுங்களா?"

இவர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். அன்னிக்குப் பூரா அந்தப் பொட்டோடயே கம்பெனிக்குப் போய், பார்த்தவங்க கிட்டயெல்லாம் "தங்கச்சி வச்சது" னு சொல்லிக்கிட்டிருந்தார். அடுத்த நாளே மாயா என்னை மேடம்னு கூப்பிடறதை விட்டுட்டா. அண்ணன் பொண்டாட்டியை எங்க பக்கம் நங்கைன்னுதான் சொல்லுவோம். அவளும் நங்கைன்னா.

அவ மக அஸ்மிதா எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. எங்களை விட நல்லா 'ங்க' போட்டுப் பேசுவா. மாயாவோட மாமனாருக்குச் சீக்கு வந்து, அவ, அவ புருஷன், மக எல்லாருமா ஊருக்குப் போனாங்க. ரயில்வே ஸ்டேசன்ல அஸ்மிதா இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத அழுகை இருக்கே, அதைப் பத்தி எழுத எனக்கு இப்பவும் தெம்பில்லை.

மாசி மாசத்துல போன் வந்துச்சு. "அண்ணா, அஸ்மிதாவுக்குக் கல்யாணமுங்க. தாய்மாமன் நீங்க வராம மணையில உக்கார மாட்டேங்கறா." சித்திரை கடைசியில ஒரு வெள்ளிக்கிழமையைத் தேதியாச் சொன்னா. இவர் போனை வச்சுட்டு, காலண்டர்ல அந்த வெள்ளிக்கிழமையைச் சுத்தி வட்டம் போட்டார். வட்டம் கோழிமுட்டை மாதிரி வந்துச்சு.

"ஏனுங்க, பிளேன்ல போயிட்டு வந்துடலாமுங்க" ன்னேன்.

"சீர் கொண்டு போறவன் பிளேன்ல போவானா? தேங்காயை மடியில வச்சுக்கிட்டா உக்காருவேன்?"

அதோட முடிஞ்சுது நாயம்.

எங்க தொழில்ல ஒரு ஆர்டர் வந்தா சுவத்துல அட்டவணை ஒட்டுவோம். நூல் எப்ப, சாயம் எப்ப, கட்டிங் எப்ப, பெட்டி கட்டறது எப்பன்னு. இவர் ஆபீஸ் சுவத்துல ஜும்லாவுக்கும் ஒண்ணு ஒட்டிட்டார். 'தாய்மாமன் சீர்' னு மேல எழுதி, கீழ வரிசையா டயர், பிரேக், கம்பளி, மாத்திரை, தேங்காய். சரக்கு வாங்கற பையர் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்தவர் அதைப் பார்த்துட்டு, இது எந்த நாட்டு ஆர்டர்னு கேட்டார். "நேபாள்" னார் இவர், சிரிக்காம.

சாம்பிள் ஓகே ஆகாம மொத்தச் சரக்குப் போடக்கூடாதுங்கறது இவரோட வேதம். பயணத்துக்கும் சாம்பிள் ஓட்டணும்னுட்டார். பல்லடத்துல எங்க பங்காளி ஒருத்தர் கோழிப்பண்ணை வச்சிருக்கார். அவர்கிட்ட ஒரு பழைய நாலு சக்கரமும் இழுக்கற ஜீப்பு இருந்துச்சு. அதை வாங்கினோம். எத்தனை கழுவினாலும் அதுக்குள்ள கோழி வாசம் போகலை. வாங்கப் போன இடத்துல இவர் கண்ணு பங்காளியோட குளிர் ரூம் மேல விழுந்துச்சு. வெட்டின கோழியை அடுக்கி வைக்கற ரூம்.

"ஒரு அரை மணி நேரம் உள்ள உக்காந்து பார்த்துடலாம் அம்மிணி. மலைக்குளிருக்கு நம்ம ஹூடி தாங்குதான்னு தெரிஞ்சுடும்."

வெளிநாட்டுக் குளிருக்குன்னே நாங்க வருசம் பூரா ஹூடி தைக்கறோம். ஒருத்தரும் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டா வேர்த்து ஊத்தும். அன்னிக்குப் போட்டோம். ரெண்டு ஸ்டூல், சுத்திலும் தோலுரிச்ச கோழி. எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. இவர் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கிட்டு, "துணி பரவால்ல, கழுத்துலதான் காத்துப் போகுது" னு குறை எழுதறார். வெளியே வந்தா பங்காளி சம்சாரம் தலையில அடிச்சுக்கிட்டா. "நல்லாத்தான இருந்தீங்க ரெண்டு பேரும்?"

அடுத்தது மலை ரோட்டுக்குச் சாம்பிள். தெரிஞ்சவர் எஸ்டேட்ல ரோடுன்னு பேருக்கு ஒரு பாதை இருந்துச்சு. தேங்காய் மூட்டையோட அதுல ஏறினோம். சமதளத்துல இவர் ஓட்டறது, மலையில நான் ஓட்டறதுன்னு பேச்சு. இவர் மலையில ஓட்டினா ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு பள்ளத்துல இருக்கும். மேல போய்க் கதவைத் திறந்தா பாதித் தேங்காய் உடைஞ்சு ஜீப்பு பூரா தண்ணி. கோழி வாசத்தோட அதுவும் சேர்ந்துக்கிச்சு. சாம்பிள் ரிஜெக்ட். அப்புறம் எங்க கம்பெனியில வெட்டிக் கழிச்ச பனியன் வேஸ்ட்டை ரெண்டு மூட்டை போட்டு, நடுவுல தேங்காயைப் புதைச்சு வச்சோம். ரெண்டாவது சாம்பிள்ல ஒண்ணு கூட உடையலை. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு இவர் ரெண்டு தோசை எச்சா சாப்பிட்டார்.

எல்லாத்துலயும் கொஞ்சம் எச்சா எடுத்துக்கறதும் எங்க பழக்கம். துணி வெட்டும்போது கழிவுக்குன்னு சேர்த்து வெட்டுவோம் இல்லீங்களா, அது மாதிரி. ரெண்டு பேருக்குப் பத்து ஹூடி. அஸ்மிதா ஊர்க் குழந்தைங்களுக்குன்னு ஒரு பெட்டி பனியன். பட்டுச் சேலை, ஈரோட்டு மஞ்சள், வெல்லம், சந்தனம், ஒரு ஜோடிக் கம்மல். எல்லாம் ஏத்தினதும் பின்னாடி கண்ணாடியில ஒண்ணுமே தெரியலை. மெசின் ஆயில் டப்பாவையும் எடுத்து வச்சார். எதுக்குங்கன்னு கேட்டா, "இருக்கட்டும்" னார்.

புறப்பட்ட முதல் நாள் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போனோம். ரெண்டாவது நாள் சண்டை போட்டுக்கிட்டே போனோம். சண்டை ஜன்னலைப் பத்தி. ஏசி போட்டா மலையில தாங்கற உடம்பு கெட்டுப் போகுமாம். நாக்பூர் வெயில்ல ஜன்னலைத் திறந்து விட்டுட்டு வர்றார் மனுசன். காங்கேயம் வெயில்ல பொறந்து வளர்ந்தவ நான், எனக்கே மூஞ்சி வெந்து போச்சு. சோத்துக்கு ஒரு கடையில போய் உட்கார்ந்தா ரொட்டி, பருப்பு, பச்சை வெங்காயம். ரசம்னு ஒண்ணு இந்த உலகத்துல இருக்கறதே அங்க ஒருத்தருக்கும் தெரியலை.

உத்தரப்பிரதேசத்துல ஒரு சின்ன ஊர்ல டீக் குடிக்க நிறுத்தினோம். டீ ஆத்திக்கிட்டிருந்த ஆள் எங்க வண்டி நம்பரைப் பார்த்தார். பார்த்துட்டுப் பாத்திரத்தைக் கீழ வச்சுட்டு ஓடி வந்தார். "ஏனுங்கண்ணா, டிஎன் முப்பத்தொம்பது, திருப்பூருங்களா?"

அட சாமி! அந்த நேரத்துல அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவர் எங்க ஊர்ப் பக்கம் பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தவராம். கல்யாணம் ஆகி இங்கயே இருந்துட்டாராம். டீக்கு ஒத்தைப் பைசா வாங்கலை. "பெருமாநல்லூர் நாலு ரோட்டுல ஞாயித்துக்கிழமை கூட்டம் இன்னும் அப்படியே வருதுங்களா?" னு கேட்டார். அவர் சம்சாரம் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டு, இந்த மனுசன் இப்படியெல்லாம் பேசுவானான்னு வேடிக்கை பார்த்துட்டிருந்தா. இத்தனை தூரத்தை ரயில்ல நின்னுக்கிட்டே வர்றாங்க இந்த ஜனங்க. நான் ஜீப்பு சீட்ல உட்கார்ந்து முதுகு வலிக்குதுன்னு புலம்பிக்கிட்டிருந்தேன்.

நேபாள எல்லையில ஒரு ஆபீசர் வண்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு பெட்டி புது பனியன், மூட்டை மூட்டையாத் தேங்காய். வியாபாரமான்னு கேட்டார். இந்தி கேட்டா எனக்குப் புரியும், பேசத் தெரிஞ்சதெல்லாம் லைன் இந்தி. 'சீக்கிரம், சீக்கிரம்', 'எத்தனை பீசு', 'நாளைக்கு ஷிப்மென்ட்' இதை வச்சு என்ன சொல்ல முடியும்? இவர் தன் நெஞ்சைத் தொட்டு "மாமா" ன்னார். அப்புறம் தூரத்து மலையைக் காட்டி "ஜும்லா" ன்னார். அப்புறம் தலைக்கு மேல கையால முக்காடு போட்டுப் பொண்ணு மாதிரி தலையைக் குனிஞ்சார். ஆபீசர் ஒரு நிமிசம் பார்த்துட்டுச் சிரிச்சாரு பாருங்க, பக்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டு, 'இந்த ஆள் மதராசுல இருந்து மருமகளுக்கு நாரியல் கொண்டு போறான்' னு சொன்னார். மதராஸ் இல்லைங்க, திருப்பூர்னு நான் சொன்னதை யாரும் காதுல வாங்கலை. ஆனா வரி கட்டற ஜன்னலுக்கு அவரே கூடவே வந்து வழி காட்டினார்.

மலை ஏற ஆரம்பிச்சதும் ஸ்டீரிங் என் கைக்கு வந்துச்சு. அந்த ரோட்டைப் பத்தி எப்படிச் சொல்றது? ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை. ரொம்பக் கீழ கர்ணாலி ஆறு பச்சையா ஓடுது. நொய்யல்ல சாயத்தண்ணி ஓடிப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. ஆத்துத் தண்ணி பச்சையா இருந்தா, எந்தச் சாயப்பட்டறை திறந்து விட்டான்னுதான் எங்களுக்கு முதல்ல தோணும். இது தானாவே அந்த நிறமாம்.

ஒரு திருப்பத்துல எதிர்ல பஸ்ஸு. கூரை மேல ஆடு, மூட்டை, ஆளுங்க. அவன் பின்னாடி போக மாட்டான், நான்தான் போகணும். இவர் இறங்கி, கம்பெனி வாசல்ல கன்டெய்னர் லாரியை ரிவர்ஸ் எடுக்க வைக்கற மாதிரி, ஜீப்பைத் தட்டித் தட்டி "வா, வா, வா, லெப்ட்டு ஒடி, வா, இன்னும் வா" ன்னார். நானும் அந்தக் குரலை நம்பி வந்தேன். வந்து நின்னப்புறம் எட்டிப் பார்த்தேன். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்தா அதிகம். அன்னிக்குப் பூரா அவர்கிட்ட நான் பேசலை. பயம் கோவமா மாறிடுச்சு.

சாப்பாட்டுக்கு மட்டும் அங்க குறையே சொல்ல முடியாது. சோறும் பருப்பும் காய்க்கூட்டும். தட்டு காலியாக விட மாட்டாங்க. போதும்னு கையால மறைச்சா கைச் சந்துல போடறாங்க. விருந்து, ஒறம்பரை வந்தா நம்ம ஊர்லயும் இப்படித்தான் வம்பு பண்ணுவாங்க. அந்தச் சோத்தைச் சாப்பிட்டு வந்த தெம்புலதான் அவர்கிட்ட மறுபடி பேசினேன்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, ஒரு மதியம் மழை பிடிச்சுது. கோடை மழைதானேன்னு பார்த்தா, ஒரு சின்னக் கடைவீதி தாண்டினதும் ரோட்டைக் காணோம். மலை சரிஞ்சு ரோட்டு மேல உட்கார்ந்திருக்கு. எங்களுக்கு முன்னாடி ஏழெட்டு வண்டி, பின்னாடி சேர்ந்துக்கிட்டே இருந்துச்சு. கடைவீதிக்குத் திரும்பி ஒரு டீக்கடை மாடியில ரூம் எடுத்தோம். போன்ல சிக்னல் இல்லை. டீக்கடைக்காரம்மா கையை விரிச்சுச் சொன்னதை அங்க இருந்த ஒரு வாத்தியார் எனக்கு இந்தியில சொன்னார்: 'மலை வரும்போது சொல்லிட்டு வர்றதில்லை, போகும்போதும் சொல்லிட்டுப் போறதில்லை.'

அடுத்த நாளும் மழை. பஸ்ல வந்த குழந்தைங்க குளிர்ல நடுங்கிட்டிருந்துச்சு. எச்சா கொண்டு போன ஹூடியெல்லாம் எடுத்துக் குடுத்தேன். முழங்கால் வரைக்கும் தொங்கற ஹூடியைப் போட்டுக்கிட்டு வாண்டுங்க தெருவுல ஓடுச்சு. இவர் அதைக்கூடப் பார்க்கலை. மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போய் மண் சரிவைப் பார்க்கறது, திரும்பி வர்றது, மறுபடி போறது. மண் அள்ளற மெசின்காரன் கிட்ட, "நைட் ஷிஃப்ட் போட மாட்டீங்களா?" னு தமிழ்லயே கேட்டுட்டு வந்தார். நடந்தே போயிடலாமான்னு கேட்டார். வாத்தியார் கிட்டக் கேட்டேன். அதுக்கும் ரெண்டு நாள் ஆகும்னார்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. வழி திறக்கலை.

நான் எழுந்திரிச்சப்ப இவர் ரூம்ல இல்லை. கீழ குழாயில, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குளிச்சிட்டிருந்தார். ஐஸ் தண்ணி. குளிச்சு முடிச்சு, மாமன் சீருக்குன்னு எடுத்து வச்சிருந்த பட்டுக்கரை வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் போட்டார். ஜீப்புல இருந்து ஒரு தேங்காயை எடுத்தார். மாடி வராந்தாவுல, ஜும்லா இருக்கற பக்கம் பார்த்து, அதைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். முகூர்த்த நேரம் முடியற வரைக்கும் நின்னார். சுத்தி இருந்தவங்க சிரிக்கலை. டீக்கடைக்காரம்மா ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து பக்கத்துல போட்டுட்டுப் போனா. இவர் உட்காரலை.

"எனக்குக் குடுத்து வைக்கலை அம்மிணி" ன்னார்.

எனக்கு வந்த வெசனத்தைச் சொல்லி மாளாது. தலையணையில மூஞ்சியை வச்சுக்கிட்டு நல்லாவே அழுதேன். அழுது முடிச்சதும் கோவம் வந்துச்சு. கோழி ரூம்ல உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? சாம்பிள் மேல சாம்பிள் ஓட்டின மனுசன், மலை சரியும்னு அட்டவணையில ஒரு வரி எழுதலையே! திரும்பிப் போயிடலாமுங்கன்னேன். "சீரைத் திருப்பி ஊட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. கல்யாணம் முடிஞ்சிருந்தாலும் குடுத்துட்டு வந்துடணும்" னார்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் வழி விட்டாங்க. வழின்னா சேறு. முன்னாடி போன ரெண்டு வண்டி சிக்கி, ஆளுங்க தள்ளி ஏத்தினாங்க. நாங்களும் சிக்கினோம். பனியன் வேஸ்ட் மூட்டையைப் பிரிச்சுச் சக்கரத்துக்குக் கீழ கொட்டினதும் வண்டி கவ்வி ஏறிடுச்சு. பின்னாடி வந்தவங்களும் அது மேலயே ஏறி வந்தாங்க. கலர் கலரா திருப்பூர்த் துணி அந்தச் சேத்துல கிடந்துச்சு. ஒரு பஸ் டிரைவர் ஜன்னல் வழியா எட்டி எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனார்.

திங்கக்கிழமை பொழுதோட மாயா ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊரைச் சுத்தி ஆப்பிள் தோட்டம். மண்ணும் கல்லும் வச்ச வீடுங்க. ஒரு வீட்டு முன்னாடி கலர்ப் பேப்பர் தோரணமும் பந்தலும் தெரிஞ்சுது. எனக்கு இறங்கவே கால் வரலை. இவர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "கல்யாணம் முடிஞ்ச ஊட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? நீ போயிச் சொல்லு. நான் தேங்காயை இறக்கறேன்."

நான் இறங்கறதுக்குள்ள மாயா ஓடி வந்துட்டா. கையெல்லாம் மாவு. "நங்கை! வந்துட்டீங்களா! அண்ணா எங்கீங்க?" னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

நான் அழுதுக்கிட்டே, மன்னிச்சுக்க கண்ணு, மலை சரிஞ்சு போச்சு, முகூர்த்தத்துக்கு வர முடியலைன்னு ஆரம்பிச்சேன்.

"எந்த முகூர்த்தமுங்க? கல்யாணம் நாளைக்குத்தானுங்களே."

எனக்கு ஒண்ணும் விளங்கலை. வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நீதானேன்னேன்.

மாயா நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, என் கண்ணைப் பார்க்காம சொன்னா: "அது லைன் தேதிங்க நங்கை."

எங்க ஊர்ல ஒரு பழக்கம். சரக்குப் போக வேண்டிய நெசத் தேதியை யாரும் லைன்ல சொல்ல மாட்டோம். பத்தாம் தேதி போகணும்னா ஆறாம் தேதின்னு சொல்லுவோம். சாயப்பட்டறைக்காரன் தாமதம் பண்ணுவான், கரண்ட் போகும், டெய்லர் ஊருக்குப் போயிடுவான். எல்லாம் போக, நெசத் தேதிக்குச் சரக்குக் கிளம்பிடும். சூப்பர்வைசராப் போட்ட அன்னிக்கு மாயாவை என் ரூம்ல உட்கார வச்சு இதைச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்.

"அண்ணன் எப்பவும் ரெண்டு தடவை சாம்பிள் பார்ப்பாரு. கிளம்ப லேட்டாகும். எங்க ரோடும் நம்ப முடியாது. அதான் நாலு நாளு முன்னாடி சொல்லிட்டேனுங்க. வழியில இருக்கும்போது நெசத்தைச் சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை போன் போட்டேன், போகவே இல்லீங்க."

எனக்கு அவளை அடிக்கறதா, தூக்கிச் சுத்தறதான்னு தெரியலை. "ஏண்டி, என்ற பாடத்தை என்கிட்டயே ஓட்டிட்டியா?" ன்னேன். சிரிப்பு வந்துச்சு, அழுகையும் நிக்கலை. ரெண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துடுச்சு. ஜீப்புக்கிட்டப் போய்க் கதவைத் திறந்து, "ஏனுங்க, கல்யாணம் நாளைக்குங்க" ன்னேன். இவர் என்னைப் பார்த்தார், மாயாவைப் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். ரெண்டாவது தடவை சொன்னதும் இறங்கி, வாசல் மண்ணுலயே சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டார். நாலு நாளா அவர் மூச்சே விடலைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அஸ்மிதா மஞ்சள் பூசின மூஞ்சியோட ஓடி வந்து, "ஏனுங்க மாமா, கீழ உக்காந்துட்டீங்க?" ன்னு பதறினா. அவர் அவளைப் பார்த்துச் சிரிச்ச சிரிப்பை நான் எங்க கல்யாண போட்டோவுல கூடப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் வெடியால சீர் வரிசை. ஊர்க்காரங்க ஆளுக்கு ரெண்டு தேங்காய் தூக்கிக்கிட்டாங்க. மேளக்காரங்க முன்னாடி போக, இவர் பட்டுச் சேலைத் தட்டோட நடுவுல நடந்தார். நாங்க போட்டிருந்த ஹூடி மேல சந்தனம் கொட்டிடுச்சு. யாரும் கண்டுக்கலை.

பந்தலுக்குள்ள போனதும் மாயா எங்களை ஓரமாக் கூப்பிட்டா. "அண்ணா, எங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருக்குங்க. பொண்ணு ஊட்டுப் பெரியவங்க எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளை காலைக் கழுவணுமுங்க. கழுவற வரைக்கும் பச்சைத் தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. எங்க பக்கம் தங்கச்சி மகளுன்னா சாமி மாதிரிங்க. மாமன்தான் அவ காலைத் தொட்டுக் கும்பிடணும். உங்களுக்கு அது சங்கடமா இருந்தா வேண்டாமுங்க. சீர் மட்டும் குடுத்தாப் போதும். நான் எங்காளுங்ககிட்டச் சொல்லிக்கறேன்."

எங்க பக்கம் பொண்ணுதான் மாமன் கால்ல விழும். அதுவும் இவர் முதலாளி. நம்ம கம்பெனியில தைச்சவ மக காலை இவர் கழுவினார்னு ஊர்ல தெரிஞ்சா, எங்க சனத்துல சில பேரு வருசக்கணக்கா அதையே மெல்லுவாங்க. இவர் மூஞ்சியைப் பார்த்தேன். காலையில எட்டு மணிக்கு இட்லி வரலைன்னா ஊட்டையே ரெண்டாக்கற மனுசன். "காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை. நல்லதாப் போச்சு" ன்னார் மாயாகிட்ட.

வரிசை நீளமா இருந்துச்சு. சித்தப்பா, பெரியப்பா, சொந்தம் சோபனம். மதியம் தாண்டியும் போய்க்கிட்டிருந்துச்சு. பூசாரி ஒரு கட்டத்துல நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். மாயா புருஷன் எனக்குச் சொன்னார்: 'பொண்ணோட மாமன் எங்கேன்னு கேக்கறாரு.'

இவர் பந்தலோட கோடியில நின்னிருந்தார். எத்தனை கல்யாணத்துல, எத்தனை மண்டபத்துல, அந்தக் கேள்வி கேட்டு வேற யாரோ எழுந்து போறதை உட்கார்ந்து பார்த்தவர். கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனார். செம்புல தண்ணி எடுத்து, அஸ்மிதா முன்னாடி மண்டி போட்டார்.

அஸ்மிதா காலை உள்ள இழுத்துக்கிட்டா. எங்க ஊர்ல வளர்ந்தவ இல்லையா, அவளுக்குத் தெரியும். "வேண்டாமுங்க மாமா. நீங்க என்ற காலைத் தொடக் கூடாதுங்க மாமா" ன்னு முக்காட்டுக்குள்ள அழறா.

"கம்முனு உக்காரு கண்ணு. மாமன் வேலைய மாமனைப் பாக்க உடு."

ரெண்டு காலையும் பொறுமையாக் கழுவினார். மஞ்சள் வச்சார். கம்மலை அவ கையில வச்சு மூடினார். குனிஞ்சு நெத்தியை அவ பாதத்துல வச்சார். சனம் என்ன வேணா பேசிட்டுப் போகட்டும்னு எனக்கு அப்பத் தோணுச்சு. வயிறு குளுந்து போச்சு எனக்கு.

எழுந்திரிக்கறப்ப முட்டி பிடிச்சுக்கிச்சு. நான் போய்த் தோளைக் குடுத்தேன். அத்தனை சனத்துக்கு நடுவுல, என் காதுகிட்டக் குனிஞ்சு சொன்னார்:

"ஏ புள்ள, போயி மாயாகிட்டச் சொல்லு. தாய்மாமனுக்குப் பசிக்குதாம், சோறு போடச் சொல்லு."